உப்புத் தண்ணீரில் எலுமிச்சை வளர்ப்பு: கொங்குத் தோட்டக்காரர்களுக்கு

கொங்கு நாட்டில் எலுமிச்சை மரம் வெயில் தாங்காமல் பட்டுப்போவது அபூர்வம். கரூர் பரமத்தி வெயிலிலும் அது நிற்கும். அதைக் கொல்வது பெரும்பாலும் மூன்று சங்கதிகள்: போர் தண்ணீரில் உள்ள உப்பு, மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்பு, ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் குளமாகத் தேக்கும் பாசனம். இந்த மூன்றையும் நடுவதற்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டால், பிறகு வரும் பூச்சியும் நோயும் சமாளிக்கக்கூடியவைதான்.

இங்கே ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 600 முதல் 700 மில்லிமீட்டர். தாராபுரம், மூலனூர் பக்கம் அதற்கும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழையைவிடக் காற்றுதான் அதிகம் கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் கிளம்பி ஆடி முழுக்க அடிக்கும் அந்தக் காற்று, வெயிலுக்கு இணையாக மரத்தை உலர்த்தும். மழையில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். எப்போது நடுவது, எப்போது கவாத்து, எப்போது மருந்து என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் தண்ணீரையும் மண்ணையும் பாருங்கள்

நாற்று வாங்கும் முன் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடித்த தண்ணீராக இருக்க வேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சரியான அளவைக் காட்டாது. வேளாண்மைத் துறை நிலையங்களிலும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பரிசோதனை உண்டு. அறிக்கையில் இ.சி. என்று போட்டிருக்கும் எண்தான் முக்கியம்; தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதைக் காட்டும் மின் கடத்துதிறன் அது (அலகு dS/m). அது 1க்குள் இருந்தால் கவலை இல்லை. 1 முதல் 2 வரை என்றால் வளர்க்கலாம். ஆனால் கீழே சொல்லப்போகும் உப்பு கழுவும் முறையை விடாமல் செய்ய வேண்டும். 2ஐத் தாண்டினால் எலுமிச்சையை மறந்துவிட்டு சப்போட்டா, நெல்லி என்று போவது நல்லது. கையில் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்பை பி.பி.எம்.மில் காட்டும் கருவி) இருந்தால் ஏறத்தாழ 640 என்பது இ.சி. 1க்குச் சமம். தென்னை நன்றாக வருகிற தண்ணீர் எலுமிச்சைக்கும் ஆகும் என்று நினைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. தென்னை உப்பைத் தாங்கும், எலுமிச்சை தாங்காது.

தண்ணீரைக் கோடையில் ஒருமுறை, மழை முடிந்த பிறகு ஒருமுறை என இரண்டு தடவை பார்ப்பது உத்தமம். மட்டம் இறங்க இறங்க உப்பு கூடும். தை மாதம் 1.2 காட்டிய போர், சித்திரையில் 2க்குப் போய்விடக்கூடும்.

மண்ணைப் பொறுத்தவரை செம்மண், சரளை கலந்த செம்மண் இரண்டும் ஏற்றவை. கரிசலில் வளரும், ஆனால் தண்ணீர் வடிய வழி வேண்டும். பிரச்சினை மேல்மண்ணில் இல்லை. இரண்டடிக்குக் கீழே வெள்ளையாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) படுகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் வட்டாரங்களில் இது சாதாரணம். மூன்றடிக் குழி ஒன்று எடுத்து, அடிமண்ணில் ஒரு கைப்பிடி அள்ளிக் கல்லின் மேல் வைத்து, பாத்ரூம் கழுவும் ஆசிட் நான்கு சொட்டு விடுங்கள். லேசாகப் பொரிந்தால் சமாளிக்கலாம். நுரை பொங்கிச் சீறினால் சுண்ணாம்பு அதிகம்; அந்த இடத்தில் மரம் மூன்றாம் ஆண்டிலிருந்து வெளுக்கத் தொடங்கும். அதே குழியில் தண்ணீரை நிரப்பி விடுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே நட வேண்டாம். நட்டே தீர வேண்டுமென்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும்.

நாற்று

எலுமிச்சை விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தாய்மரத்தைப் போலவே இருக்கும். ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. அதனால் மாங்கன்றுக்குச் சொல்வதுபோல ஒட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 நமக்கு நன்றாகப் பழகிய ரகம். காய் பெரிது, சாறு கூடுதல். பாலாஜி ரகமும் கிடைக்கிறது. அதில் சொறி நோய் குறைவு.

விதைக்கன்றுக்கு ஆணிவேர் உண்டு, ஆயுள் அதிகம், முள்ளும் அதிகம். காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். பதியன் கன்று சீக்கிரம் காய்க்கும். ஆனால் ஆணிவேர் இல்லாததால் ஆடிக்காற்றில் சாயும், வறட்சியிலும் முதலில் துவளும். வீட்டு முற்றத்துக்குப் பதியன் போதும், தோட்டத்துக்கு வேண்டாம். ஒட்டுக்கன்று வாங்குவதானால் வேர்ச்செடி என்னவென்று நாற்றங்காலில் கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை வேர் உப்பையும் சுண்ணாம்பையும் வறட்சியையும் மற்றதைவிட நன்றாகத் தாங்கும். ஜம்பேரி வேரில் மரம் வேகமாகப் பெருக்கும், ஆனால் சுண்ணாம்பு மண்ணில் அவ்வளவு நிற்காது. எந்த வேர் என்று சொல்லத் தெரியாத நாற்றங்காலில் ஒட்டு வாங்குவதைவிட விதைக்கன்றே மேல்.

கன்றைக் கையில் எடுத்ததும் இலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். அது சொறி நோய், தோட்டம் முழுக்கப் பரவும். பைக்குள் வேர் வட்டமடித்திருந்தாலும் தள்ளிவிடுங்கள். ஒன்றரை அடி உயரம், பென்சில் தடிமன், ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயது: இது போதும். மூன்றடிக் கன்று பார்வைக்கு நன்றாக இருக்கும், பிடிப்பது கடினம்.

குழியும் நடவும்

இடைவெளி 18 அடிக்கு 18 அடி. ஏக்கருக்கு 134 மரம் வரும். மண் ஆழமாகவும் வளமாகவும் இருந்தால் 20 அடி. 15 அடியில் அடர்த்தியாக நட்டவர்கள் ஏழாம் ஆண்டில் முள்ளுக்குள் புகுந்து காய் பறிக்க முடியாமல் திண்டாடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

குழி இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம். சித்திரையில் வெட்டி வெயிலில் காயப்போடுங்கள். சுக்கான் தட்டுப்பட்டால் கடப்பாறையால் அந்தப் படுகையை உடைத்துக் கீழே இறங்குங்கள். உடைக்காமல் மேலே நல்ல மண்ணைப் போட்டு நட்டால், வேர் தொட்டிக்குள் இருப்பதுபோல் சுற்றிக்கொண்டு கிடக்கும். மூடும்போது மேல்மண், பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம் அல்லது ஆட்டெரு, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, அரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட். வேப்பம் புண்ணாக்கை விடாதீர்கள், நம் செம்மண்ணில் கரையான் கன்றைத் தின்றுவிடும். நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் கோழி எருவைப் புதிதாகப் போடக் கூடாது. சூட்டோடு உப்பும் அதில் உண்டு. ஆறு மாதம் மக்கவைத்த பிறகு, அதுவும் தொழுவுரத்தில் கால் பங்கு அளவில் கலக்கலாம். ஜிப்சம் எல்லா மண்ணுக்கும் தேவையில்லை; களர் (சோடியம் மிகுந்த மண்) என்று பரிசோதனை சொன்னால் மட்டும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது விதைக்குச் சொன்னது. எலுமிச்சைக் கன்றை ஆடியில் நட்டால் காற்று இலையைக் கிழித்து, தூரை ஆட்டி, புதுவேரை அறுத்துவிடும். இங்கே சரியான காலம் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதி வரை. காற்று அடங்கியிருக்கும், மழை வரும், கோடைக்கு முன் நான்கைந்து மாதம் வேர் ஓடக் கிடைக்கும். மாலையில் நடுங்கள். பையில் இருந்த மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில், அல்லது ஓரங்குலம் மேலே. ஒட்டுக்கன்றென்றால் ஒட்டுப்பகுதி தரையிலிருந்து அரை அடிக்கு மேல் தெரிய வேண்டும். மேற்குப் பக்கம் சாய்வாக ஒரு குச்சி நட்டு, சணலால் தளர்வாகக் கட்டுங்கள். முதல் கோடையில் தென்னங்கீற்று இரண்டை மேற்கிலும் தெற்கிலும் குத்தி வைத்தால் பிற்பகல் வெயில் தண்டைச் சுடாது.

காற்றுக்குத் தடுப்பு கட்டாயம். மேற்கு எல்லையில் பழைய கிளுவை வேலி இருந்தால் அதை வெட்டிக் கம்பிவேலி போடும் புத்தியைத் தள்ளிவையுங்கள். உயரம் போதாவிட்டால் உள்பக்கம் சவுக்கோ மலைவேம்போ ஒரு வரிசை நடலாம், கடைசி எலுமிச்சை வரிசையிலிருந்து பதினைந்து அடி தள்ளி. நடுவில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் எடுத்து வேர்களைத் துண்டித்து வைக்க வேண்டும். காற்றில் காயும் முள்ளும் உரசினால் தோல் கீறுவதோடு, அந்தக் கீறல் வழியாகச் சொறி நோயும் உள்ளே போகும்.

தண்ணீர் விடும் கணக்கு

கன்றுப் பருவத்தில் முதல் கோடையில் நாளைக்கு எட்டு முதல் பத்து லிட்டர். அதன்பிறகு வயதை வைத்துக் கணக்குப் போடுவதைவிட மரத்தின் விரிவை வைத்துப் போடுவது சரியாக வரும். நண்பகலில் மரம் விழுத்தும் நிழலின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, சித்திரை வெயிலுக்கு 5 ஆல் பெருக்குங்கள். பன்னிரண்டு அடி அகலம் விரிந்த மரத்தின் நிழல் சுமார் 10 சதுர மீட்டர். ஆக நாளைக்கு 50 லிட்டர். மார்கழி, தையில் 3 ஆல் பெருக்கினால் போதும்: 30 லிட்டர். ஆடியில் வெயில் குறைவென்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். காற்று இருப்பதால் 4க்குக் கீழே இறங்கக் கூடாது.

சொட்டுநீர் என்றால் மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் நான்கு. மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும், தூரிலிருந்து இரண்டரை அடி தள்ளி. மூன்று மணி நேரம் ஓடினால் 48 லிட்டர். மரம் பெருக்கப் பெருக்கக் குழாயை வெளியே நகர்த்த வேண்டும். தண்ணீர் குடிக்கும் வேர் நிழலின் ஓரத்தில் இருக்கிறது. ஐந்து வயது மரத்துக்குத் தூரோடு ஒட்டி ஒரே சொட்டுவான் போட்டிருப்பதைப் பல தோட்டங்களில் காணலாம். அங்கே மரம் பட்டினி கிடக்கிறது, தூர் அழுகுகிறது, இரண்டும் ஒரே சமயத்தில். கடினத் தண்ணீரில் சொட்டுவான் சுண்ணாம்பு பூத்து அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றின் அடியிலும் டம்ளர் வைத்துப் பார்த்தால் எது அடைத்திருக்கிறது என்று தெரியும்.

வாய்க்கால் பாசனமென்றால் இரட்டை வட்டப்பாத்தி. தூரைச் சுற்றி ஒன்றரை அடி ஆரத்தில் ஒரு வரப்பு, அதற்குள் தண்ணீர் போகக் கூடாது. நிழலின் ஓரத்தில் இன்னொரு வரப்பு. இரண்டுக்கும் நடுவில் மட்டும் தண்ணீர். செம்மண்ணில் கோடைக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, கரிசலில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. சந்தேகமென்றால் ஓரடி ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டையாகி, தட்டினால் உதிர்ந்தால் நாளை தண்ணீர் விடலாம். உருண்டையே பிடிக்காவிட்டால் நேற்றே விட்டிருக்க வேண்டும்.

இனி உப்பு. சொட்டுநீரில் நனையும் வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு படியும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கே ஒதுங்கி நிற்கிறது. இ.சி. 1க்கு மேல் உள்ள தண்ணீரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓடவிட்டு, அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரம் விடுவது மிச்சம்போலத் தெரியும். உண்மையில் அது உப்பை மேல்மண்ணிலேயே சேர்த்துவைக்கும் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக விடுவது நல்லது.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கோடை மழை முதல் தூறல் போடும்போது சொட்டுநீரை நிறுத்தக் கூடாது. அந்தச் சிறு மழை, ஓரத்தில் நின்ற உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். மழை நன்றாகப் பெய்து மண் ஓரடிக்கு நனையும் வரை குழாய் ஓடட்டும். 'மழை பெய்த மறுவாரம் இலை உதிர்ந்தது' என்று சொல்லும் தோட்டங்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாயும் இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. வாய்க்கால் தண்ணீரில் உப்பு குறைவு. உங்கள் முறை வரும்போது எலுமிச்சைக்கு ஒரு தடவை வயிறாரப் பாய்ச்சிவிட்டால், ஆறு மாதம் போர் தண்ணீரில் சேர்ந்த உப்பு இறங்கிவிடும்.

மூடாக்கு இல்லாமல் நம் வெயிலில் இவ்வளவு தண்ணீரும் பாதி வீண். சோளத்தட்டு, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், தேங்காய் மட்டை எதுவானாலும் நான்கங்குல கனத்துக்கு. தூரைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னைநார்க் கழிவை மக்கவைக்காமல் போட்டால் மண்ணில் உள்ள தழைச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மட்டையைக் குழிவான பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் கொசு முட்டையிட இடமிருக்காது.

வீட்டு மரத்துக்கு ஒரே எச்சரிக்கை: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஊற்றாதீர்கள். நல்ல தண்ணீரை நமக்கு எடுத்துக்கொண்டு, உப்பு முழுவதையும் சேர்த்து வெளியே தள்ளிய தண்ணீர் அது. வீடு கட்டியபோது சிமெண்டும் கலவையும் கொட்டிப் புதைத்த மூலையில் நடுவதும் அதே கதைதான், இலை வெளுத்தே இருக்கும்.

உரம்

வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி முதலாண்டு மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 100, சாம்பல் சத்து 100. ஆண்டுக்கு முறையே 100, 25, 40 கிராம் கூட்டிக்கொண்டு போய் ஆறாம் ஆண்டிலிருந்து 600, 200, 300 கிராமில் நிறுத்த வேண்டும். தொழுவுரம் முதலாண்டு 10 கிலோ, பிறகு ஐந்தைந்தாகக் கூட்டி 30 கிலோ. கடையில் வாங்கும் கணக்கில் ஆறாண்டு மரத்துக்கு யூரியா 1,300 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1,250 கிராம், பொட்டாஷ் 500 கிராம் வரும்.

தழைச்சத்தைப் பங்குனியில் பாதி, ஐப்பசியில் பாதி. தொழுவுரம், மணி, சாம்பல் மூன்றும் ஐப்பசியில். உப்புத் தண்ணீர் தோட்டத்தில் வெள்ளைப் பொட்டாஷையே வாங்குங்கள், அதாவது சல்பேட் ஆப் பொட்டாஷ், 600 கிராம். சிவப்புப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. எலுமிச்சைக்கு அது ஆகாது, தண்ணீரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கவும் செய்யும். விலை கூடத்தான். சுண்ணாம்பு மண்ணில் யூரியாவில் பாதியைக் குறைத்து அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்தால், வேரைச் சுற்றிய மண்ணின் காரம் சற்றுத் தணியும். உரத்தை நிழல் ஓரத்தில் வட்டமாகக் கீறிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மேலே தூவிவிட்டுப் போனால் யூரியா வெயிலில் ஆவியாகப் போகும்.

இலை மஞ்சளானதும் யூரியாவைத் தூக்குவது கைவந்த பழக்கம். எந்த இலை என்று முதலில் பாருங்கள். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுக்கான் மண்ணில் இதுதான் முதலில் வரும். புது இலை சிறுத்து, ஒடுங்கி, நரம்புகளுக்கிடையே திட்டுத்திட்டாக மஞ்சளானால் துத்தநாகம். முதிர்ந்த இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நின்று மற்றது மஞ்சளானால் மெக்னீசியம். முதிர்ந்த இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால் மட்டுமே தழைச்சத்து. நுனி கருகிப் பழுப்பாகி உதிர்ந்தால் அது உப்பு. அதற்கு எந்த உரமும் மருந்தல்ல, தண்ணீரால் கழுவ வேண்டும்.

பங்குனி, ஆனிக் கடைசி, ஐப்பசி என்று ஆண்டுக்கு மூன்று முறை, புதுத்துளிர் இலை முக்கால் அளவு விரிந்த நிலையில் நுண்ணூட்டம் தெளிக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், மெக்னீசியம் சல்பேட் 50, பெரஸ் சல்பேட் 25, மாங்கனீஸ் சல்பேட் 5, போராக்ஸ் 10, யூரியா 100. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்த்து வடிகட்டுங்கள். மாலை நாலரைக்குப் பிறகு தெளியுங்கள், இல்லாவிட்டால் இலை பொசுங்கும். இரும்புக் குறை விடாப்பிடியாக இருந்தால் மண்ணில் பெரஸ் சல்பேட்டைக் கொட்டிப் பயனில்லை. சுண்ணாம்பு அதை உடனே பூட்டிவிடும். செலேட் இரும்பு (மண் எளிதில் பூட்டிவிடாதபடி செய்த இரும்பு உரம்) வாங்கும்போது உறையில் இ.டி.டி.ஹெச்.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள். இ.டி.டி.ஏ. வகை விலை குறைவு, ஆனால் நம் கார மண்ணில் நிலைக்காது. அதை இலைவழித் தெளிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பூவும் பிஞ்சும்

தானாக விட்டால் இங்கே பெரிய பூப்பு தை, மாசியில் வரும், ஆடிவாக்கில் அறுவடை. அம்மன் கோயில் மாலைகளுக்கு அப்போது கிராக்கி உண்டு, ஆனால் எல்லார் தோட்டத்திலும் காய் இருக்கும். விலை ஏறுவது பங்குனி, சித்திரையில். பூவிலிருந்து பறிப்புக்கு ஐந்து முதல் ஆறு மாதம் ஆவதால், சித்திரைக் காய்க்கு ஐப்பசியில் பூக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் பூப்பதை விட்டுவிட்டுத் தழைக்கத்தான் பார்க்கும். அதை மாற்றுவதற்குப் பரிந்துரை இது: ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் 50 பி.பி.எம்., அதாவது 20 லிட்டருக்கு ஒரு கிராம், முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்து. செப்டம்பரில் சைக்கோசெல் (தழை வளர்ச்சியை அடக்கும் மருந்து) லிட்டருக்கு 2 மி.லி.; அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம். இதோடு ஆவணிக் கடைசியில் தண்ணீரையும் நிறுத்த வேண்டும். செம்மண்ணில் 15 முதல் 20 நாள், கரிசலில் 25 முதல் 30 நாள். இலை பகலில் சுருண்டு மாலையிலும் விரியாமல், கால்வாசி உதிர்ந்ததும் போதும். உரம் வைத்து, முதல் தண்ணீரைக் குறைவாகவும் இரண்டாவதை நிறைவாகவும் விடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த மரத்தையும் ஏற்கெனவே வெளுத்து நிற்கும் மரத்தையும் இப்படிக் காயப்போடக் கூடாது. புரட்டாசி மழை முந்திக்கொண்டால் எல்லாம் கைவிட்டுப் போகும், அதையும் கணக்கில் வைத்தே செலவு செய்யுங்கள்.

நூறு பூவில் ஐந்து கூடக் காயாக நிற்காது. அது மரத்தின் இயல்பு. பட்டாணி அளவுப் பிஞ்சு கூட்டமாக உதிர்ந்தால் மட்டும் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் ஏற்ற இறக்கம், இல்லாவிட்டால் சூட்டுக்காற்று. பிளானோபிக்ஸ் (உதிர்வைத் தடுக்கும் வளர்ச்சி ஊக்கி) தெளிப்பதானால் 10 லிட்டருக்கு 4 முதல் 5 மி.லி.க்கு மேல் போகாதீர்கள். அளவு கூடினால் அதுவே பிஞ்சை உதிர்த்துவிடும். காய் வெடிப்பது நீண்ட காய்ச்சலுக்குப் பின் திடீரென்று மழையோ தண்ணீரோ வரும்போது. தோல் இறுகிப்போயிருக்க, உள்ளே சாறு பொங்கும். மூடாக்கும் சீரான பாசனமும் தவிர வேறு வைத்தியம் இல்லை.

கவாத்து, பூச்சி, நோய்

தரையிலிருந்து ஒன்றரை அடி வரை ஒற்றைத் தண்டு. அதற்கு மேல் நான்கைந்து கிளை. தூரிலிருந்தும் நடுக்கிளையிலிருந்தும் நெட்டையாக, பெரிய முள்ளோடு கிளம்பும் நீர்ப்போத்துகளைப் பிஞ்சாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிடுங்கள். அதற்கு மேல் கவாத்தில் கை நீள வேண்டாம். மாமரத்தைப்போல நடுவைத் திறந்துவிட்டால் நம் வெயில் பட்டையைச் சுட்டு வெடிக்கவைக்கும். தாழ்ந்த கிளைகள் மண்ணுக்கும் தூருக்கும் நிழல். பட்டுப்போன கிளை, சொறி பிடித்த குச்சிகளை ஆவணியில், மழைக்கு முன் வெட்டி எரித்துவிடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை: மயில் துத்தம் ஒரு கிலோ, நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் சிவப்பாகச் செம்பு படியக் கூடாது; படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இதையே ஆண்டுக்கு இருமுறை தூரிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூசினால், பிசின் வடியும் தூரழுகலும் அண்டாது, வெயில் காயமும் குறையும்.

சொறி நோய்க்கு மருந்தைவிட நேரம் முக்கியம். மழைத்துளியும் காற்றும்தான் அதைப் பரப்புகின்றன. புரட்டாசி முதல் வாரத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம், பிறகு கார்த்திகை வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நோய் வந்த இலை ஆறாது. வரப்போகும் இலையைக் காக்கத்தான் தெளிப்பு. கொழுந்தில் வெள்ளிக்கோடு போட்டுச் சுருட்டும் இலைத்துளைப்பான் இருக்கும்வரை சொறியும் இருக்கும், அது குடைந்த வழியேயும் நோய் நுழைகிறது. துளிர் ஓரங்குலம் இருக்கும்போதே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம்: 500 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு இரவு ஊறவைத்து, பிழிந்து, 10 லிட்டராக்கி, சிறிது காதிசோப்புக் கரைசல் சேர்த்து. பத்து நாள் கழித்து மறுபடி.

சின்னக் கன்றில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது பட்டாம்பூச்சிப் புழு. வளர்ந்தால் பச்சையாகும், இரண்டு நாளில் கன்றை மொட்டையாக்கும். கையால் பொறுக்குவதே போதும். பழுத்த காயில் ஊசித்துளை விழுந்து, சுற்றி மென்மையாகிக் கொட்டினால் பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி. அதன் புழு வேலியில் படரும் சீந்தில் கொடியில் வளர்கிறது. கொடியை வேரோடு எடுத்துவிட்டால் தொல்லை பாதியாகும். அசுவினியைக் கண்டால் சும்மா விடாதீர்கள். டிரிஸ்டெசா என்ற வைரஸை அது சுமக்கிறது. மரம் காரணமில்லாமல் மெலிந்துகொண்டே போனால் ஓர் இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு விட்டுவிட்டு வெளுத்துத் தெரிந்து, கிளையின் பட்டையை உரித்தால் கட்டையில் குழிகளும் இருந்தால் அதுதான். மருந்து கிடையாது. அடியோடு எடுத்துவிட வேண்டும், பழசென்று இரக்கப்பட்டு நிறுத்தினால் மற்றவையும் போகும். விதைக்கன்றில் இந்த வைரஸ் விதை வழியாக வருவதில்லை. ஒட்டில் மொட்டு வழியாக வரும்.

ஊடுபயிராக முதல் மூன்றாண்டு நிலக்கடலை, உளுந்து, தட்டைப்பயறு போடலாம். கத்தரி, தக்காளி வேண்டாம், நூற்புழு பெருகும். தென்னைக்கு நடுவே எலுமிச்சை நட்டால் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போகும், காய்ப்பு குறையும்.

பறிப்பு

கரும்பச்சை மாறி இளம்பச்சையாகி, தோல் வழவழப்பாகி, பிடித்தால் சற்று மெத்தென்று இருக்கும்போது பறிக்கலாம். தூரத்துச் சந்தைக்கு இந்த நிலை. உள்ளூருக்கு லேசாக மஞ்சள் ஓடியது. இழுத்துப் பிய்த்தால் காம்புப் பக்கம் தோல் கிழிந்து இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். வலைபோட்ட தொரட்டியால் திருகி எடுங்கள். பனி ஈரத்திலும் மழை விட்ட உடனேயும் பறிக்கக் கூடாது. அப்போது தோல் விறைப்பாக இருப்பதால், கை பட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பைகள் உடைந்து மறுநாள் பழுப்புத் திட்டாகத் தெரியும். வியாபாரி அதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். காலை ஒன்பதுக்கு மேல் தொடங்கி, பறித்ததை நிழலில் பரப்பி, கீழே விழுந்ததைத் தனியாக ஊறுகாய்க்கு ஒதுக்கி, மீதியை மாலையில் பெரிது சிறிது என்று பிரித்துச் சாக்கில் கட்டுங்கள். வாரம் ஒரு பறிப்பு போதும். சித்திரையில் வெயில் ஏறினால் நான்கைந்து நாளுக்கு ஒன்று.